தாகத்தை அடக்காதீர்கள்!

நடு இரவு. ஊர் அடங்கிவிட்டது.

ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது. வீட்டுக்காரர் தரையில் கிடந்து உருளுகிறார். அவர் லாரி டிரைவர். நாற்பது வயது. திடகாத்திரமான ஆள். காய்ச்சல் என்று ஒரு நாள் கூடப் படுத்தது இல்லை.

இப்போது விலாவைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, அம்மா!" என்று அலறுகிறார். உட்கார்ந்தாலும் வலி, படுத்தாலும் வலி. முதுகில் கிளம்பும் வலி, விலாவைச் சுற்றிக்கொண்டு அடிவயிற்றுக்கு இறங்குகிறது. இரண்டு தடவை வாந்தியும் எடுத்துவிட்டார்.

மனைவி தைலம் தேய்க்கிறாள். "என்னங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க" என்று கெஞ்சுகிறாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். "சிறுநீர்க் குழாயில் கல் அடைத்திருக்கிறது" என்கிறார் டாக்டர்.

உடனே கிழவி மருமகள் பக்கம் திரும்புகிறாள்.

"அரிசியைக் கல் பொறுக்கி உலையில போடுன்னு எத்தனை தடவை சொன்னேன்! எம் புள்ளை வயித்துல கல்லைப் போட்டுட்டியே!"

மருமகள் வாய் திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள்.

இது ஒரு வீட்டில் மட்டும் நடப்பது அல்ல. ஊர் ஊராக, வீடு வீடாக நடப்பது. கல்லடைப்பு வந்தவர் துடிப்பார். அந்தப் பழி யார் தலையிலாவது விழும். உண்மையான குற்றவாளி மட்டும் தப்பித்துக்கொள்வான்.

அந்தக் குற்றவாளி யார்?

சோற்றுக் கல் அல்ல

முதலில் மருமகளை விடுதலை செய்துவிட வேண்டும். அவள் மேல் குற்றம் இல்லை.

சோற்றோடு விழுங்கிய கல் இரைப்பைக்குப் போகும். அங்கிருந்து குடலுக்குப் போகும். பிறகு மலத்தோடு வெளியே போய்விடும். அது சிறுநீரகத்துக்குப் போக வழியே கிடையாது. சாப்பாடு போகும் பாதை வேறு. சிறுநீர் வரும் பாதை வேறு.

தக்காளி விதை போய்த் தங்கிக் கல்லாகிறது என்று சொல்வதும் அப்படியே. விதையும் அந்தப் பாதையில் போக முடியாது.

அப்படியானால் கல் எங்கிருந்து வந்தது?

அது வெளியிலிருந்து வரவில்லை. உள்ளேயே விளைந்தது.

உடம்புக்குள் ஓர் உப்பளம்

தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பு விளைவதைப் பலர் பார்த்திருப்பார்கள். உப்புத் தண்ணீரைப் பாத்தியில் பாய்ச்சுகிறார்கள். அப்போது அதில் உப்பு கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரில் கரைந்திருக்கிறது. வெயில் ஏறுகிறது. தண்ணீர் வற்றுகிறது. தண்ணீர் குறையக் குறைய, கரைந்திருந்த உப்பு பரல் பரலாகத் தரையில் படிகிறது.

சிறுநீரகத்தில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான்.

முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும், கடைசி விலா எலும்புகளை ஒட்டி, அவரை விதை வடிவத்தில் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கைமுட்டி அளவு. அவைதான் ரத்தத்தைச் சலவை செய்யும் வண்ணார்கள். இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் மிகப் பெரும் பகுதியை ரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. உடம்புக்கு வேண்டாத கழிவை மட்டும் ஒன்றரை, இரண்டு லிட்டர் நீரில் கரைத்து வெளியே அனுப்புகின்றன. அதுதான் சிறுநீர்.

அந்தக் கழிவில் பல உப்புகள் இருக்கின்றன. கால்சியம் இருக்கிறது. ஆக்சலேட் இருக்கிறது. யூரிக் அமிலம் இருக்கிறது. போதுமான தண்ணீர் இருந்தால் எல்லாம் கரைந்து ஓடிவிடும். தண்ணீர் குறைந்தால் உப்பளம்தான். முதலில் ஒரு பொடி. அதன் மேல் இன்னொரு பொடி. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் வளர்ந்து கல்லாகிறது.

சிறுநீரகத்துக்குள் கல் சும்மா கிடக்கும்வரை பலருக்கு ஒன்றும் தெரிவதில்லை. அது இடம் பெயர்ந்து குழாயில் இறங்கும்போதுதான் ஆபத்து. சிறுநீரகத்தையும் சிறுநீர்ப் பையையும் சேர்க்கும் அந்தக் குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். ஆனால் மிக ஒடுக்கம். சில மில்லிமீட்டர்தான். கல் அதில் சிக்கினால் மேலே சிறுநீர் தேங்குகிறது. சிறுநீரகம் உப்புகிறது. குழாய் கல்லைத் தள்ளப் பார்த்து முறுக்குகிறது. அந்த டிரைவரை இரவு முழுதும் புரட்டி எடுத்தது இந்த முறுக்கல்தான்.

கடுகு, மிளகு, கொண்டைக்கடலை

கல்லுக்கு மரியாதை அதன் அளவைப் பொறுத்தது.

கடுகு அளவுக் கல் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும். வலி என்னவோ கொடுக்கும். "கடுகு சிறுத்தாலும் காரம் போகாது" என்பது சும்மா சொன்னதா?

மிளகு அளவு, அதாவது 5 மில்லிமீட்டர் வரை உள்ள கல்லும், நாளாவட்டத்தில் பலருக்கு இறங்கிவிடுகிறது. அதற்கு உதவியாக டாக்டர்கள் வலி மருந்தும், குழாயைத் தளர்த்தும் மருந்தும் கொடுப்பது உண்டு.

கொண்டைக்கடலை அளவுக்கு வந்துவிட்டால், அதாவது 10 மில்லிமீட்டரை எட்டிவிட்டால், அது தானே இறங்கும் என்று காத்திருப்பது வீண். அதற்குச் சிகிச்சை வேண்டும்.

கற்களில் ஜாதியும் உண்டு. பெரும்பாலானவை கால்சியம் சேர்ந்த கற்கள். சில யூரிக் அமிலக் கற்கள். சிறுநீரில் கிருமி சேர்ந்து உண்டாகும் கல் ஒரு வகை. அது பெண்களுக்கு அதிகம். பரம்பரையாக வரும் ஒரு வகையும் உண்டு, அது அபூர்வம்.

ஆகவே கல் வெளியே வந்தால் எறிந்துவிடாதீர்கள். ஒரு மெல்லிய துணியிலோ வடிகட்டியிலோ பிடித்து, டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அது என்ன கல் என்று தெரிந்தால், அடுத்த கல்லைத் தடுக்க வழி தெரியும்.

சீமான் பட்ட பாடு

கல்லடைப்பு இந்தக் காலத்து நோய் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் செத்துப் புதைக்கப்பட்டவர்களின் உடலிலேயே கல் கிடைத்திருக்கிறது. நம் நாட்டுச் சுசுருதர் பெயரில் உள்ள பழைய வைத்திய நூல், சிறுநீர்ப் பையில் உள்ள கல்லை அறுத்து எடுப்பதைப் பற்றிச் சொல்கிறது.

இங்கிலாந்தில் சாமுவேல் பீப்ஸ் என்று ஒருவர் இருந்தார். அந்த நாட்டுக் கடற்படை நிர்வாகத்தில் பெரிய பதவி வகித்தவர். நாட்குறிப்பு எழுதிப் புகழ் பெற்றவர். இளம் வயதிலேயே அவரைக் கல் வாட்டி வந்தது. 1658-ம் ஆண்டு மார்ச் 26-ந் தேதி அவருக்கு ஆபரேஷன் நடந்தது. அப்போது அவருக்கு 25 வயது.

மயக்க மருந்து என்பதே இல்லாத காலம் அது! மேஜையில் படுக்க வைத்து, அசையாதபடி கட்டிப்போட்டு அறுத்தார்கள். கல் வந்தது. அவரும் பிழைத்தார். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 26-ந் தேதி வந்தால் அதை விருந்து வைத்துக் கொண்டாடுவது என்று வைத்துக்கொண்டார். எடுத்த கல்லை ஒரு பெட்டியில் பத்திரமாகவும் வைத்திருந்தார்.

கதை அதோடு முடியவில்லை. அவர் 1703-ல் இறந்தார். உடலை அறுத்துப் பார்த்தபோது, இடது சிறுநீரகத்தில் ஏழு கற்கள் இருந்தன!

கல்லை எடுத்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? கல்லை விளைவித்த உடம்பு அப்படியே இருக்கிறதே! ஒரு தடவை கல் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பத்து ஆண்டுக்குள் மறுபடியும் வருகிறது.

விமானம் தந்த வைத்தியம்

பீப்ஸ் பட்ட பாட்டை இன்று யாரும் பட வேண்டியதில்லை. அதற்கு ஒரு விமானக் கம்பெனிக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஜெர்மனியில் டார்னியர் என்ற கம்பெனி விமானம் கட்டி வந்தது. அதிவேகமாகப் பறக்கும் விமானத்தின் மேல் மழைத்துளி மோதினால், மோதிய இடத்தில் மட்டும் அல்ல, உள்ளேயும் சேதம் உண்டாகிறது என்று கண்டார்கள். மோதலில் கிளம்பும் அதிர்ச்சி அலைதான் காரணம். அந்த அலையை உடம்புக்குள் அனுப்பிக் கல்லை உடைத்தால் என்ன என்று யோசித்தார்கள். 1980-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி, மியூனிக் நகரில், கிறிஸ்டியன் சாசி என்ற டாக்டரும் மற்றவர்களும் முதல் தடவையாக ஒரு நோயாளிக்கு அதைச் செய்தார்கள். கத்தி படாமலே கல் பொடியானது. பொடி சிறுநீரோடு போனது.

இன்று வேறு வழிகளும் இருக்கின்றன. சிறுநீர் வரும் துவாரம் வழியாகவே மெல்லிய கருவியை ஏற்றி, லேசர் கதிரால் கல்லை உடைக்கிறார்கள். பெரிய கல்லாக இருந்தால் முதுகில் சிறு துளை போட்டு எடுக்கிறார்கள். வயிற்றைப் பெரிதாகக் கிழிக்கும் ஆபரேஷன் இப்போது மிகவும் குறைந்துவிட்டது.

ஒரு விஷயம் மட்டும் மறக்கக் கூடாது. சிகிச்சை முடிந்ததும் சிலருக்கு உள்ளே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயை வைத்து அனுப்புவார்கள். "இந்தத் தேதிக்கு வா, எடுத்துவிடலாம்" என்பார்கள். வலி போய்விட்டது என்று பலர் திரும்பிப் போவதில்லை. அந்தக் குழாயின் மேலேயே கல் படிந்து, பழைய நோயைவிடப் பெரிய தொல்லை வந்து சேரும். ஆகவே ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படும் முன், "உள்ளே குழாய் வைத்திருக்கிறதா? எந்தத் தேதியில் எடுப்பார்கள்?" என்று கேட்டு, காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வாழைத்தண்டு கரைக்குமா?

கல் என்றதும் நம் வீடுகளில் வாழைத்தண்டுச் சாறு வரும். சிறுபீளைக் கஷாயம் வரும். பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோமே, அந்தப் பூளைப்பூச் செடிதான் அது. சிலர் பீர் குடித்தால் கல் போகும் என்று கூடச் சொல்லிக்கொடுப்பார்கள்!

வாழைத்தண்டு நல்ல காய்கறி. பொரியல் செய்து சாப்பிடலாம். கெடுதல் இல்லை. ஆனால் பெரும்பாலோருக்கு வரும் கால்சியக் கல்லை ஒரு சாறு குடித்துக் கரைத்துவிடலாம் என்று இன்றுவரை உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. யூரிக் அமிலக் கல்லை மட்டும், டாக்டர் கொடுக்கும் மருந்தால் சிறுநீரின் புளிப்பைக் குறைத்துக் கரைக்க முடியும்.

"பக்கத்து வீட்டுக்காரருக்குச் சாறு குடித்துத்தான் கல் விழுந்தது" என்பார்கள். விழுந்திருக்கும். கடுகுக் கல் எதைக் குடித்தாலும் விழும். குடிக்காவிட்டாலும் விழும்.

பீர் விஷயம் முழுப் புரட்டு. அது சிறுநீரைப் பெருக்கும். பிறகு உடம்பை வறட்டிவிடும். யூரிக் அமிலத்தையும் ஏற்றிவிடும்.

நாட்டு மருந்து சாப்பிட விரும்புகிறவர் படித்த சித்த வைத்தியரிடம் சாப்பிடட்டும். ஆனால் கல் எவ்வளவு பெரிது, எங்கே இருக்கிறது என்று படம் எடுத்துப் பார்த்த பிறகு எதையும் செய்ய வேண்டும். காரணம் இதுதான்: வலி நின்றுவிட்டால் கல் போய்விட்டது என்று அர்த்தம் அல்ல. கல் குழாயை அடைத்தபடியே இருக்கும். வலி மட்டும் மறத்துப்போகும். மாதக்கணக்கில் அப்படியே விட்டால், சத்தம் இல்லாமல் ஒரு சிறுநீரகமே செத்துப்போகும்.

எப்போது ஓட வேண்டும்?

சில அடையாளங்களைக் கண்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வலியோடு குளிர்காய்ச்சல் வந்தால் உடனே போக வேண்டும். அடைபட்ட சிறுநீரில் கிருமி சேர்ந்தால் அது உயிருக்கே ஆபத்து.

சிறுநீர் அடியோடு நின்றுவிட்டால் போக வேண்டும். ஓயாத வாந்தி இருந்தால் போக வேண்டும். வலி மருந்துக்கும் அடங்காவிட்டால் போக வேண்டும். ஒரே சிறுநீரகம் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

சிறுநீரில் ரத்தம் கலந்து வந்தால், வலி இல்லாவிட்டாலும், டாக்டரிடம் காட்ட வேண்டும். கடையில் தாமாக வலி மாத்திரை வாங்கி நாள் கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்துக்கே கெடுதல்.

பால் மேல் வீண் பழி

கல்லில் கால்சியம் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் சிலர் பாலையும் மோரையும் நிறுத்திவிடுகிறார்கள். இதுவும் மருமகள் மேல் போட்ட பழி மாதிரிதான்.

இத்தாலி நாட்டில் அடிக்கடி கால்சியக் கல் வந்த 120 ஆண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கால்சியம் குறைந்த சாப்பாடு. மறு பாதிக்குக் கால்சியம் வழக்கம்போல. ஆனால் உப்பும் இறைச்சியும் குறைவு. ஐந்து ஆண்டு கவனித்து, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். பாலைக் குறைத்தவர்களில் 23 பேருக்கு மறுபடி கல் வந்தது. உப்பைக் குறைத்தவர்களில் 12 பேருக்குத்தான் வந்தது!

காரணம் இருக்கிறது. கீரை, பீட்ரூட், கொட்டை வகைகளில் ஆக்சலேட் உண்டு. சாப்பாட்டில் பாலோ மோரோ சேர்ந்தால், அதில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். சிறுநீரகம்வரை விடாது. பாலை நிறுத்தினால் பிடிக்க ஆள் இல்லை.

உண்மையான எதிரி உப்பு. உப்பு அதிகம் தின்றால் சிறுநீரில் கால்சியம் அதிகம் வரும். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடையில் விற்கும் நொறுக்குத் தீனி எல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்தவைதான்.

கல் வந்தவர்கள் கறியும் மீனும் அளவோடு சாப்பிட வேண்டும். எலுமிச்சம்பழச் சாறு நல்லது. அதில் உள்ள சத்து கல் சேர்வதைத் தடுக்க உதவும். ஆனால் அதில் உப்பை அள்ளிப் போட்டுக் குடிக்கக் கூடாது.

முதல் மருந்து

எல்லாவற்றுக்கும் மேலான மருந்து ஒன்று உண்டு. அதை மருந்துக் கடையில் தேட வேண்டாம். அதுதான் தண்ணீர்.

அதே இத்தாலியில், முதல் தடவையாகக் கல் வந்த 199 பேரைக் கவனித்து 1996-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேரிடம், "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று சொல்லி, அதைக் கவனித்தும் வந்தார்கள். மீதிப் பேரை அவர்கள் வழக்கப்படி விட்டுவிட்டார்கள். ஐந்து ஆண்டில், தண்ணீர் குடித்தவர்களில் 12 பேருக்கு மறுபடி கல் வந்தது. மற்றவர்களில் 27 பேருக்கு வந்தது. வெறும் தண்ணீர் நோயைப் பாதிக்கும் கீழாகக் குறைத்துவிட்டது!

எவ்வளவு குடிப்பது? ஒரு நாளில் வெளியேறும் சிறுநீர் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதற்கு இரண்டரை, மூன்று லிட்டர் குடிக்க வேண்டும். வெயிலில் வேலை செய்கிறவர் அதற்கு மேலும் குடிக்க வேண்டும். அளந்து பார்க்க முடியாதா? நிறத்தைப் பாருங்கள். சிறுநீர் வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி. மஞ்சள் தண்ணீர் மாதிரி அடர்ந்து போனால் உப்பளம் ஆரம்பித்துவிட்டது. ஒரே மூச்சில் குடிக்காமல் நாள் முழுதும் பிரித்துக் குடிக்க வேண்டும். படுக்கும் முன்பும் ஒரு தம்ளர் குடிக்க வேண்டும்.

இருதய நோய் உள்ளவர்களும் சிறுநீரகம் பழுதானவர்களும் மட்டும், டாக்டரைக் கேட்காமல் தண்ணீரைக் கூட்டக் கூடாது.

ஏன் குடிப்பதில்லை?

இவ்வளவு சுலபமான மருந்தை ஜனங்கள் ஏன் சாப்பிடுவதில்லை? தண்ணீர் குடிக்க யாருக்குத் தெரியாது?

இங்கேதான் உண்மையான குற்றவாளியைப் பார்க்கிறோம்.

அந்த டிரைவர் காலையில் வண்டி எடுத்தால் எஞ்சின் சூட்டில் உட்கார்ந்திருக்கிறார். வேர்வை ஆறாக ஓடுகிறது. தண்ணீர் குடித்தால் வண்டியை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் நேரம் போகும். நேரம் போனால் முதலாளி ஏசுவார். ஆகவே நாக்கை நனைத்துக்கொண்டு போகிறார். கடையில் அரை கிளாஸ் டீயோடு சரி.

அவருடைய மனைவியைப் பாருங்கள். ஜவுளிக் கடையில் வேலை. பத்து மணி நேரம் நிற்கிறாள். காலையில் வீட்டில் குடித்த காபிதான். "தண்ணி குடிச்சா ஒதுங்கணும், ஒதுங்க இடம் இல்லை" என்பாள். இருந்தாலும் மேற்பார்வைக்காரரிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும். கேட்க வெட்கம். ஆகவே தாகத்தையே அடக்கிக்கொள்கிறாள். அடுத்த கல் அவளுக்குள் விளைந்துகொண்டிருக்கலாம். அது கிழவிக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் படிக்கும் பெண் பிள்ளை காலையில் கொண்டுபோன தண்ணீர்ப் பாட்டிலை மாலையில் அப்படியே கொண்டுவருகிறாள். தாய் திட்டுகிறாள். அவளும் காரணத்தைக் கேட்பதில்லை. கழிப்பறைக்குக் கதவு இல்லை. அல்லது தண்ணீர் இல்லை. அதுதான் காரணம்.

உப்பு விளைவிக்கும் தொழிலாளிகளின் உடம்பிலும் இதே கதைதான். தமிழ்நாட்டு உப்பளங்களில் 2017 முதல் 2020 வரை ஆராய்ச்சியாளர்கள் போய்ப் பார்த்தார்கள். பெரும்பாலோர் வரம்பு மீறிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். போதிய தண்ணீர் இல்லை. ஒதுங்க இடமும் இல்லை. சிலருக்குச் சிறுநீரகத்தின் சக்தியே குறைந்திருந்தது. ஊருக்கெல்லாம் உப்புக் கொடுப்பவன் உடம்பிலேயே உப்பு உறைய விடலாமா?

"தண்ணீர் குடியுங்கள்" என்று புத்தி சொல்வது சுலபம். குடித்த தண்ணீரைக் கழிக்க இடம் கொடுக்காமல் அந்தப் புத்தியைச் சொல்வது, கையைக் கட்டிவிட்டு "சாப்பிடு" என்று சொல்வது போலத்தான்!

சட்டமும் மணியும்

இது புதிய கோரிக்கை அல்ல. தொழிற்சாலைகளில் குடிநீரும் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்று 1948-ல் வந்த சட்டமே கட்டாயப்படுத்தியது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் வெயில் காலத்தில் குளிர்ந்த தண்ணீர் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டம் திருத்தப்பட்டது. உட்கார உரிமை கொடுத்தாகிவிட்டது. தாகம் தீர்க்கும் உரிமையும் அதோடு சேர்ந்து வர வேண்டாமா?

கேரளத்தில் 2019-ல் பள்ளிக்கூடங்களில் தண்ணீர் மணி அடிக்க ஆரம்பித்தார்கள். மணி அடித்தால் பிள்ளைகள் எல்லோரும் தண்ணீர் குடிக்க வேண்டும். தமிழ்நாட்டிலும் 2025-ல் அந்த ஏற்பாடு வந்தது. நல்ல காரியம். ஆனால் குடித்த பிள்ளை அரை மணி கழித்துக் கை தூக்கினால், "உட்கார்" என்று அதட்டாத வாத்தியாரும், கதவும் தண்ணீரும் உள்ள கழிப்பறையும் இருந்தால்தான் அந்த மணிக்குப் பலன் உண்டு.

"ஆளாளுக்குத் தண்ணீர் குடிக்கப் போனால் வேலை கெட்டுவிடும்" என்று சில முதலாளிகள் சொல்லக்கூடும். ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்க ஒரு நிமிஷம். ஒதுங்கிவர ஐந்து நிமிஷம். கல்லடைத்துப் படுத்தால் எத்தனை நாள் வேலை கெடும்? கணக்கு அவர்களுக்கே தெரியும்.

ஆகவே மூன்று காரியம் நடக்க வேண்டும். வேலை நடக்கும் ஒவ்வோர் இடத்திலும் கைக்கு எட்டும் தூரத்தில் நல்ல தண்ணீர் இருக்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாகச் சுத்தமான கழிப்பறை இருக்க வேண்டும். போய்வர யாரிடமும் கெஞ்ச வேண்டிய நிலை இருக்கக் கூடாது.

மீண்டும் அந்த வீடு

டிரைவருக்குக் கல் மிளகு அளவுதான். மருந்து கொடுத்து, தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினார் டாக்டர். ஒரு வாரத்தில் கல் விழுந்துவிட்டது. மறுபடி படம் எடுத்து, விழுந்ததை உறுதி செய்துகொண்டார்கள்.

வண்டியில் இப்போது ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன் இருக்கிறது. வழியில் நிறுத்தவும் செய்கிறார்.

கிழவிக்கும் விஷயம் விளங்கிவிட்டது. மருமகள் வேலைக்குப் புறப்படும்போது ஒரு பாட்டில் தண்ணீரைக் கையில் கொடுக்கிறாள். "சாயங்காலம் காலியா வரணும், ஆமா" என்கிறாள்.

மருமகள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறாள்.

கிழவி தன் கடமையைச் செய்துவிட்டாள். இனிச் செய்ய வேண்டியவர் அந்தக் கடை முதலாளி.